‘போதும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்!



இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் வந்த ஒரு சகோதரியின் கடிதத்தைப் படித்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனுக்கு ஆட்டிசம். வகுப்பில் திடீர் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறானாம், பெஞ்சைத் தள்ளிவிட்டு வெளியே ஓடுகிறானாம். “எங்களால சமாளிக்க முடியலை, டி.சி. வாங்கிக்குங்க” என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். “பேசாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டு முடித்திருந்தார்.

சகோதரி, அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடாதீர்கள். என் மகனுக்கும் ஆட்டிசம்தான். இப்போது 11 வயது, ஆறாம் வகுப்பு. அவன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே வார்த்தையை எங்களிடமும் சொன்னார்கள். இன்று அவன் அதே பள்ளியில்தான் படிக்கிறான். அதற்கு உதவியது பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. ‘எனக்குத் தாங்க முடியவில்லை’ என்பதைக் கத்தாமல் தெரிவிக்க அவனுக்கு ஒரு வழி செய்து கொடுத்தோம். அவ்வளவுதான். அதை எப்படிச் செய்தோம் என்று விவரமாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் பயன்படும் அல்லவா?

அடமா, தாங்க முடியாமையா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தை கத்தினால், “ரொம்ப அடம், செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க” என்று பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அடம் வேறு, இது வேறு.

அடம் பிடிக்கிற குழந்தைக்கு ஒரு பொருள் வேண்டும். மிட்டாய் கையில் வந்ததும் அழுகை நின்றுவிடும். அழும்போதே நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். தாங்க முடியாமல் வெடிக்கிற குழந்தைக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. தன் தலையிலேயே அடித்துக்கொள்ளும். எல்லாம் அடங்கிய பிறகு துவண்டு போய்த் தூங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வகுப்பாசிரியைக்குப் புரியவைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

வளர்ப்பு சரியில்லை என்று உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே சொல்லி வந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1964-ல் ஒரு புத்தகமே எழுதி, அது தவறு என்று எடுத்துக் காட்டினார். மருத்துவ உலகம் கைவிட்டு எத்தனையோ வருடங்கள் ஆன அந்தக் கருத்தை நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் விடவில்லை!

பள்ளிக்கூடம் அந்தக் காதுக்கு எப்படிக் கேட்கும்?

நமக்குப் பழகிப்போன சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை எல்லாம் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பல மடங்காகத் தெரியும். சிலருக்குச் சில விஷயங்கள் குறைவாகவும் தெரியும். சூடு பட்டால்கூட உடனே உணராத குழந்தைகள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறையில் இதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை அறிவியல் பேராசிரியையுமான டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிறு வயதில் உரத்த சத்தங்கள் தனக்கு எப்படி இருந்தன என்று எழுதியிருக்கிறார். பல் டாக்டரின் துளைக்கும் கருவி நரம்பில் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்ததாம்.

இப்போது நம் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பிரேயர் மைக் கீச்சிடும். 45 குழந்தைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும், டியூப் லைட் விட்டு விட்டு எரியும். சட்டைக் காலரில் லேபிள் உறுத்தும். மதியம் ஒரே நேரத்தில் நாற்பது டிபன் பாக்ஸ் திறந்தால் புளிசாதமும் முட்டையும் ஊறுகாயும் கலந்து ஒரு வாசனை வரும். இத்தனைக்கும் நடுவில் தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி. போதாததற்கு அன்றைக்கென்று டீச்சர் லீவு, வேறு டீச்சர் வருவார். எது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதே இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய பாரம்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு மூன்று பீரியட் உட்கார்ந்த பிள்ளை நாலாவது பீரியடில் கத்தினால், ‘காரணமே இல்லாமல் கத்தினான்’ என்று டயரியில் எழுதி அனுப்புகிறார்கள்!

வாய் இருந்தும் வார்த்தை வராது

“உங்க பையன் நல்லாப் பேசறானே, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?” என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சினிமா வசனம் முழுசும் ஒப்பிப்பான், ரயில் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்வான், உண்மைதான். ஆனால், தாங்க முடியாத நேரத்தில் அவனுக்கு வார்த்தை வராது. பெரியவர்களான நமக்கே பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே, அது போலத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயிறு பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, காது சூடாகிறது என்று உடம்பு உள்ளே இருந்து சொல்வதைப் பல ஆட்டிசக் குழந்தைகளால் சரியாகப் பிரித்து அறிய முடிவதில்லை. “என்னடா கண்ணு பண்ணுது?” என்று கேட்டால், கேள்வியையே திருப்பிச் சொல்லும். அந்தக் குழந்தைக்கே தெரியாததை அது எப்படிச் சொல்லும்?

ஆகவே பேசுகிற குழந்தையானாலும் சரி, பேசாத குழந்தையானாலும் சரி, வார்த்தை தேவைப்படாத ஓர் அடையாளம் வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு வந்திருந்த ஒரு பயிற்சியாளர் அம்மா, “முதல்ல ரெண்டு வாரம் எழுதுங்க, அப்புறம் பேசலாம்” என்றார். ஒரு 40 பக்க நோட்டில் கட்டம் போட்டோம். தேதி, கிழமை, எந்தப் பீரியட், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், எவ்வளவு நேரம் நீடித்தது. பள்ளி ஆயாவிடம் தினமும் சாயங்காலம் இரண்டு நிமிடம் பேசி எழுதிக்கொள்வேன்.

இரண்டு வாரத்தில் விஷயம் புலப்பட்டுவிட்டது. பத்தில் ஏழு தடவை, மதிய மணிக்குச் சற்று முன்னால்தான் நடந்திருக்கிறது. மணி தொங்குவது அவன் வகுப்பு ஜன்னலுக்கு நேர் வெளியே! மணி அடிக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அவன் பாதி வெந்துபோகிறான்.

இன்னொன்றும் தெரிந்தது. கத்துவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்பே அவன் உடம்பில் அறிகுறி வந்துவிடும். சட்டை நுனியைச் சுருட்டுவான். காது மடல் சிவக்கும். ஒரு சோப்பு விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான். உங்கள் குழந்தைக்கு இது வேறு மாதிரி இருக்கும். நுனிக்காலில் நடக்கலாம், பென்சிலைக் கடிக்கலாம், சத்தமாக முனகலாம், ஒன்றுமே பேசாமல் உறைந்தும் போகலாம். உறைந்து போகிற குழந்தையை ‘சமத்து’ என்று விட்டுவிடுவார்கள், அதுவும் தவிப்புதான்.

இந்த ஐந்து நிமிடம்தான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பைத் தணிக்கிறோமே, அது போல.

இலைக்கு மேல் கை

என்ன அடையாளம் வைப்பது என்று யோசித்தபோது, என் மாமியார்தான் சொன்னார்கள். “பந்தியில போதும்னா என்ன பண்றோம் அம்மிணி? இலைக்கு மேல கையக் காட்டறோமில்ல? அதையே எழுதிக் குடு” என்றார்கள். எவ்வளவு சரியான யோசனை பாருங்கள்!

பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டினேன். ஒரு பக்கம் விரித்த கையைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, கீழே ‘போதும்’ என்று பெரிதாக எழுதினேன். அகலமான செல்லோ டேப் ஒட்டிவிட்டால் நனையாது. துளை போட்டு அவனுடைய ஐ.டி. கார்டு கயிற்றிலேயே மாட்டிவிட்டோம். மூன்று பிரதிகள் செய்து வைத்தேன், ஏனென்றால் வாரம் ஒன்று தொலையும்!

படம் புரியாத சின்னக் குழந்தைகளுக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் கொடுக்கலாம், ஒரு மர வளையமோ துணிப் பந்தோ போதும். அதை டீச்சர் மேஜை மேல் வைத்தால் ‘போதும்’ என்று அர்த்தம். பேசாத குழந்தைகளுக்கு, படத்தைத் தொட்டால் குரல் வருகிற செயலிகள் உண்டு. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ அப்படி ஒன்று, அதில் தமிழும் இருக்கிறது. ஆனால் மொபைலோ டேப்லெட்டோ வைத்திருந்தாலும் அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். அட்டைக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

வீட்டில்தான் முதல் பாடம்

அட்டையைக் கழுத்தில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் வேலை நடக்காது. தவிக்கிற நேரத்தில் எந்தக் குழந்தையும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளாது. மனசு அமைதியாக இருக்கும்போது, வீட்டில், சின்னச் சின்ன விஷயங்களில் பழக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் நாங்கள்தான் அட்டை காட்டினோம். டி.வி. சத்தம் அதிகமானால் நான் என் அட்டையை எடுத்துக் காட்டி, “அம்மாவுக்குப் போதும்” என்பேன். எங்க வீட்டுக்காரர் உடனே சத்தத்தைக் குறைப்பார். மாமியாரும் மூன்றாவது தோசைக்கு அட்டை காட்டுவார்கள்! இப்படி ஒரு வாரம் அவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து மிக்ஸி. சட்னி அரைக்கும்போது அவன் காதைப் பொத்துவான். மிக்ஸியை ஒரு விநாடி போடுவது, அவன் கை அட்டைப் பக்கம் போனதும் டக்கென்று நிறுத்துவது, “போதும்னு சொன்னே, நிறுத்திட்டேன்” என்று மட்டும் சொல்வது. நான்காம் நாள் அவனாகவே ஓடி வந்து அட்டையை நீட்டினான். அன்றைக்குச் சட்னி ஒன்றிரண்டாகத்தான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை!

பிறகு தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, நகம் வெட்டும்போது, விருந்தாளி கன்னத்தைக் கிள்ளும்போது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினோம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர்ப் பந்தியில் ‘போதும்’ என்று கை காட்டினால் என்ன ஆகும்? “அட, இன்னும் ஒரு கரண்டி!” என்று கைமேலேயே ஊற்றிவிடுவார்கள். அது நமக்கு உபசாரம். இந்தக் குழந்தையிடம் அதைச் செய்யவே கூடாது. “இன்னும் ஒரே ஒரு கணக்கு போட்டுட்டுப் போ” என்று சொன்னால், அட்டைக்கு மதிப்பில்லை என்று அது முடிவு செய்துவிடும். பிறகு கத்தினால்தான் காது கேட்கும் என்று பழைய வழிக்கே போய்விடும். ஆரம்பத்தில் சில வாரங்களுக்காவது, அட்டை காட்டிய அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

பள்ளியில் பேசியது

வீட்டில் மூன்று வாரம் பழகிய பிறகு பள்ளிக்குப் போனோம். வகுப்பாசிரியைக்குத் தயக்கம்தான். “ஏனுங்க, நாப்பத்தஞ்சு புள்ளைங்க இருக்கற கிளாஸ்ல இவனை மட்டும் எப்படிங்க தனியா கவனிக்கறது?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதில் இருந்தவை இவைதான்:

* இவன் அட்டையைக் காட்டினால் ‘தாங்க முடியவில்லை’ என்று அர்த்தம்.
* ‘ஏன், என்ன ஆச்சு’ என்று கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் கேள்வியும் ஒரு சத்தம்தான். தலையை அசைத்து, போக வேண்டிய இடத்தைக் கை காட்டினால் போதும்.
* கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ‘என் முகத்தைப் பார்’ என்று சொல்ல வேண்டாம்.
* சட்டை நுனியைச் சுருட்டினால், சோப்பு விளம்பரம் சொன்னால், அட்டையை நீங்களே தொட்டுக் காட்டி நினைவூட்டுங்கள்.
* ஐந்து நிமிடம் கழித்துத் தானாக வருவான். வராவிட்டால் ஆயாவை அனுப்புங்கள்.

எங்கே போவது? தலைமையாசிரியை அறை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அங்கே போனால் தண்டனை என்று குழந்தைகள் நினைக்கும். வராந்தாக் கடைசியில், ஆயா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் போட அனுமதித்தார்கள். ஆள் பார்வையில் இருப்பது முக்கியம், தனியாக விடக் கூடாது. பாய்க்குப் பக்கத்தில் ஒரு மணல் கடிகாரம் வைத்தோம். மணல் விழுந்து முடிந்ததும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே பழக்கியிருந்தோம். கட்டடத் தொழிலாளர்கள் போடுகிற காது மூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதையும் ஒன்று வைத்தோம்.

மணி அடிக்கும் இரண்டு நிமிடம் முன்பே அவன் காது மூடியை மாட்டிக்கொள்ள டீச்சர் சைகை காட்டுவார். தாளின் ஒரு பிரதியை வருகைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். வேறு டீச்சர் வந்தாலும் தெரிய வேண்டும் அல்லவா?

‘ஒரு வாரம் பார்க்கலாம்’ என்றுதான் தலைமையாசிரியை சொன்னார்.

‘இதையே சாக்கா வெச்சுக்குவான்!’

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. முதல் நாள் அவன் 11 தடவை அட்டை காட்டினான். டீச்சர் சலித்துக்கொண்டார். கையில் புதிதாகக் கிடைத்த சாவியைப் போட்டுப் போட்டுப் பார்க்கத்தானே தோன்றும்? உண்மையிலேயே கதவு திறக்கிறதா என்று அவன் சோதித்துப் பார்த்தான். இரண்டாவது வாரம் ஆறு, மாதக் கடைசியில் நாளுக்கு இரண்டு. கத்துவது முதல் மாதத்திலேயே பாதியாகக் குறைந்தது.

அட்டையை ஒரே பாடத்தில் அடிக்கடி காட்டினால், அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பாடம் கடினமாக இருக்கலாம், எழுதக் கை வலிக்கலாம், பக்கத்தில் உட்காருகிறவன் கிள்ளலாம். ஒரு முறை எந்தக் காரணமும் இல்லாமல் நாளுக்கு எட்டு ஒன்பது தடவை காட்ட ஆரம்பித்தான். டாக்டரிடம் போனால், காதில் சீழ்! வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை அட்டை வழியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஆகையால் குழந்தையின் நடத்தை திடீரென்று மாறினால் காது, பல், வயிறு மூன்றையும் முதலில் பாருங்கள்.

அட்டை நன்றாகப் பழகிய பிறகு அடுத்த படிக்குப் போகலாம். ஐந்து படி அளவுகோல் என்று ஒன்று உண்டு. கேரி டன் புரோன், மிட்சி கர்ட்டிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியைகள் 2003-ல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நாங்கள் எங்கள் வழியில் ஐந்து பால் பாத்திரம் வரைந்தோம். 1 என்றால் ஆறிய பால், 3 என்றால் நுரை கட்டுகிறது, 5 என்றால் பொங்கிவிட்டது. “கோபமா இருக்கியா?” என்று கேட்டால் அவனுக்கு விளங்காது. “காது சூடா இருக்கா? எத்தனாவது பாத்திரம்?” என்றால் விரலை வைத்துக் காட்டுவான். 3-லேயே அட்டை எடுக்க வேண்டும் என்று பழக்க ஒரு வருடம் பிடித்தது.

வகுப்புக் குழந்தைகளிடமும் டீச்சர் எளிமையாகச் சொன்னார். “அவனுக்குச் சத்தம் ரொம்பப் பெரிசா கேட்கும், அதனால கொஞ்ச நேரம் வெளிய உட்காருவான்” என்று. பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். அவன் சட்டையைச் சுருட்டினால் பக்கத்தில் இருக்கும் பெண் அட்டையைத் தட்டிக் காட்டுவாளாம். வீட்டில் அப்பா அம்மா சண்டையால் வாடியிருந்த இன்னொரு பையன், “மிஸ், எனக்கும் ஒரு அட்டை தர்றீங்களா?” என்று கேட்டானாம். இதை டீச்சரே என்னிடம் சொன்னார், கண் கலங்கிவிட்டது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

‘டி.சி. வாங்கிக்குங்க’ என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். 1995-ம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆட்டிசமும் அதில் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு காட்டாமல் இந்தக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவரவர் தேவைக்கேற்ற வசதியும் செய்துதர வேண்டும் என்று அதன் 16-ம் பிரிவு சொல்கிறது. ஒரு பாயும் ஐந்து நிமிடமும் கேட்பது சலுகை ஆகாது, அது குழந்தையின் உரிமை.

2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. அடிக்கவும் மனத்தை நோகடிக்கவும் கூடாது. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2016-ம் வருடச் சட்டம் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கெல்லாம் உண்டு.)

இதை எடுத்தவுடன் வக்கீல் மாதிரிப் பேச வேண்டாம். டீச்சரைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைதான் கஷ்டப்படும். கேட்பதை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வந்து எடுத்துச் சொல்லக் கேட்கலாம். சான்றிதழ், அடையாள அட்டை விவரங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘நிப்மெட்’ நிறுவனம் உண்டு.

பள்ளி விட்டு வந்ததும்

சில குழந்தைகள் பள்ளியில் சாயங்காலம் வரை அடக்கி வைத்துக்கொண்டு, வீட்டு வாசல்படி ஏறியதும் வெடிக்கும். “ஸ்கூல்ல நல்லாத்தான் இருந்தான், நீங்கதான் சரியாப் பார்த்துக்கறதில்லை” என்று டீச்சர் சொல்வார். வீடுதான் பயமில்லாத இடம் என்பதால் அங்கே கொட்டுகிறது.

வந்ததும் அரை மணி நேரம் எந்தக் கேள்வியும் வேண்டாம். “இன்னிக்கு என்ன பாடம்? ஹோம் வொர்க் என்ன?” எல்லாம் பிறகு. என் பையன் முறுக்கு கடிப்பான், ஊஞ்சலில் ஆடுவான். உடம்புக்கு அழுத்தம் தருகிற வேலை சில குழந்தைகளை அமைதிப்படுத்தும். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லலாம், தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லலாம். எது ஒத்துக்கொள்ளும் என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். பள்ளி இருக்கிற நாளில் சாயங்கால டியூஷன் வேறு வைத்துத் திணிக்காதீர்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கெட்ட நாட்கள் வருகின்றன. ஆண்டு விழா ஒத்திகைக்கு டிரம்ஸ் அடித்தால் அன்று அவனுக்கு லீவுதான். அட்டை மறந்துபோய்க் கத்துகிற நாளும் உண்டு. ஆனால் டி.சி. பேச்சு நின்று நான்கு வருடம் ஆகிறது.

கடைசியாக ஒன்று

சகோதரிகளே, இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து, சொன்னதைச் செய்’ என்று மட்டுமே பழக்கப்பட்ட பிள்ளை, தப்பான எண்ணத்தோடு ஒருவன் தொட்டாலும் சும்மாதான் நிற்கும். நம் பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ‘போதும்’ என்று சொன்னால் பெரியவர்கள் நிறுத்துவார்கள், நிறுத்த வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை, நிறுத்தாதவனைக் கண்டால் இது சரியில்லை என்று உணரும், நம்மிடம் ஓடி வரும். பெண் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இது வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை: நாளைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போடுங்கள். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து அட்டை வெட்டுங்கள். முதலில் நீங்களே உங்கள் பிள்ளை பார்க்கும்படி அதைக் காட்டிப் பழகுங்கள். பள்ளியில் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு மாதம் கழித்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோபிசெட்டிபாளையம்.